முந்தானையில் வாங்கியது

எங்கள் அமைப்புக் கூட்டத்தில் ஒரு தகராறு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பேருந்து நிலையத்திலும் பாலத்துக்கடியிலும் படுத்துக் கிடக்கிறவர்களுக்கும், பக்கத்தில் இருக்கிற தூய்மைப் பணியாளர் குடியிருப்புக்கும் போர்வையும் சாப்பாடும் கொடுக்கலாம் என்று கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் யோசனை சொன்னார்கள். மூத்த தோழர் ஒருவர் எழுந்தார். "பிச்சை போடறது சபைக்காரன் வேலை, கிளப்புக்காரன் வேலை. நாம உரிமை கேக்குற கூட்டம். நம்ம சனங்களை நாமளே கையேந்த வைக்கலாமா?" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முதலாண்டு படிக்கிற ஒரு பெண் சொன்னாள்: "சரிங்க தோழர். உரிமை வர்ற வரைக்கும் குளிருமே, அதுக்கு என்னா பண்றது?"

எல்லாரும் சிரித்தார்கள். மூத்த தோழர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ரெண்டு பேர் சொன்னதும் சரி என்று எனக்குப் பட்டது. ரெண்டும் சரியாக இருக்க முடியாது என்றும் பட்டது. வாங்கின பக்கத்திலும் நான் நின்றிருக்கிறேன், கொடுத்த பக்கத்திலும் நின்றிருக்கிறேன். ரெண்டு பக்கத்திலும் அவமானப்பட்டிருக்கிறேன். அதிலிருந்துதான் இதை எழுத முடியும்.

நான் பிறந்தது திண்டிவனம் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கச் சேரி. ஊர்த்தெருவிலும் கத்தோலிக்கர்கள்தான். கோயில் ஒன்று, சாமியார் ஒருத்தர், குடிலில் படுத்திருக்கிற குழந்தை யேசுவும் ஒருத்தர். உட்காருகிற இடம்தான் ரெண்டு. நடுச்சாமப் பூசை முடிந்து, கொஞ்ச நேரம் கண்ணயர்ந்து, விடிந்ததும் ஆயா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஆண்டை வீட்டுக்குப் போகும். வருசம் முழுக்க அந்த வீட்டுக் கொட்டகையில் சாணி வழித்தது ஆயாவும் என் அம்மாவும்தான். பின்வாசலில் நிற்போம். அந்த வீட்டம்மா நல்ல மனுசி. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு தடவை கூட எங்களை விரட்டியதில்லை, காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்தனுப்பும், பிள்ளை படிக்கிறானா என்று கேட்கும். கிறிஸ்துமஸ் அன்று முறுக்கு, அதிரசம், ஒரு பழைய சேலை எல்லாம் எடுத்துக்கொண்டு வரும். ஆயா முந்தானையை ரெண்டு கையாலும் விரித்துப் பிடிக்கும். மேலேயிருந்து அதிரசம் விழும். நாங்கள் கிண்ணி கொண்டுபோனதில்லை. கொண்டுபோனாலும் அதில் போட மாட்டார்கள், கரண்டி பட்டுவிடும். அதிரசத்து எண்ணெய் முந்தானையில் ஊறி வட்டவட்டமாக நிற்கும். "மவராசியா இரு தாயி" என்று ஆயா சொல்லும். அந்த அதிரசம் ரொம்ப ருசியாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

அதே நாள் பத்து மணிக்குச் சேரிக்குள் இன்னொரு விதமான கொடுக்கல் வாங்கல் நடக்கும். அந்த வருசம் சாவு விழுந்த வீட்டில் பலகாரத்துக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். மற்ற வீடுகளிலிருந்து கிண்ணியில் வைத்து, மேலே ஒரு துணியை மூடி, பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புவார்கள். இந்துவாக இருந்த சொந்தக்காரர்கள் வீட்டுக்கும் போகும், காலனிக்கு மீன் கொண்டுவந்து விற்கிற பாய் வீட்டுக்கும் போகும். நான்தான் எங்கள் வீட்டுத் தூதுவன். ஒரு வீட்டிலிருந்தும் கிண்ணி காலியாகத் திரும்பி வந்ததாக நினைவில்லை. சாவு வீட்டுக்காரர்கள் கூட அதில் ஒரு பிடி சர்க்கரை போட்டுத் தருவார்கள். அதுவும் இல்லாதவர்கள் கொல்லையில் பறித்த ரெண்டு கத்திரிக்காய் போடுவார்கள். "வெறும் கிண்ணிய அனுப்பக் கூடாதுடா" என்று ஆயா சொல்லும். ஏன் என்று கேட்டால் ஆயாவுக்குப் பதில் தெரியாது. அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது ஆயாவிடம் ஒன்று கேட்டேன். "நம்ம அதிரசத்த ஆண்டை வூட்டுக்குக் குடுத்துட்டு வரட்டுமா?" ஆயா சிரித்தது. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "போடா, போய் கோழிய வெரட்டு" என்றது.

மார்செல் மோஸ் என்கிற பிரெஞ்சு மானுடவியலாளர் 1925இல் கொடை பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கொடை என்பது சும்மா கொடுப்பதல்ல, கொடுக்கவும் வாங்கவும் திருப்பிச் செய்யவும் கடமைப்பட்ட ஓர் உறவு என்பது அவர் வாதம். அதை முதுகலை முடித்த பிறகு படித்தபோது, இதைத்தானே ஆயா கிண்ணியை வைத்துக்கொண்டு சொன்னது என்று நினைத்தேன். ஆனால் ஆயாவுக்குத் தெரிந்த இன்னொன்று அதில் இல்லை. நம் நாட்டில் திருப்பிக் கொடுக்கவே முடியாதபடி செய்யப்பட்ட கொடை ஒன்று இருக்கிறது. கொடுப்பதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லாததால் அல்ல. எங்கள் அதிரசம் அவர்கள் அதிரசத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. எங்கள் கை பட்டதை அவர்கள் வாய்க்குக் கொண்டுபோக மாட்டார்கள் என்பதால்தான். சாதியை இப்படியும் சொல்லலாம்: யார் சமைத்ததை யார் சாப்பிடுவார்கள் என்கிற கணக்கு அது. அந்தக் கணக்கில் சோறு மேலேயிருந்து கீழேதான் வரும். வழியில் அது அன்பாக இருக்கலாம், இரக்கமாக இருக்கலாம், அந்த வீட்டம்மாவுடையது போல உண்மையான இரக்கமாகவே இருக்கலாம். ஆனாலும் அது விழுகிற இடம் முந்தானை. முந்தானையை எப்படித் திருப்பி அனுப்புவது?

இதைத் தனிப்பட்ட ஒரு வீட்டின் பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தில் இது சட்டமாகவே இருக்கிறது. ஊழியம் செய்கிற சூத்திரனுக்கு மிச்சச் சோறும் பழைய துணியும் கொடுக்க வேண்டும் என்று ஓர் இடத்தில் வருகிறது. சண்டாளருக்குப் பிணத்தின் உடுப்பும் உடைந்த பாத்திரமும் என்று இன்னோர் இடத்தில் வருகிறது. கவனித்துப் பாருங்கள், கொடுக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. எதைக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பழைய சேலை அன்பளிப்பு ஆவதற்கு முன்னால் விதியாக இருந்தது. 1927 மார்ச்சில் மகத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசியபோது, செத்த மாட்டிறைச்சியை விடுங்கள், எச்சில் சோற்றுக்குப் போய் நிற்பதை விடுங்கள் என்று நம் சனங்களிடம் வற்புறுத்தினார். குளத்துத் தண்ணீரைக் குடித்ததும் அதே மாநாட்டில்தான். அதே வருசம் அதே மகத்தில் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள். அது டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளாக அமைந்தது. நான் கல்லூரியில் படிக்கும்போது இந்தத் தேதிப் பொருத்தம் என்னைப் பைத்தியமாக அடித்தது. கிறிஸ்துமஸ் என்றால் இனிமேல் எனக்கு அதுதான் என்று பறைசாற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வேகத்தில் ஒரு காரியம் செய்தேன். டிசம்பர் லீவுக்கு வீட்டுக்கு வந்தேன். கொடியில் ஒரு பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. ஆண்டை வீட்டுச் சேலை, பார்த்தாலே தெரியும். ஓரம் கிழிந்து அம்மா தைத்து வைத்திருந்தது. எடுத்து, வீட்டுக்குப் பின்னால் எரிகிற குப்பையில் போட்டேன். அம்மா வயலிலிருந்து வந்து தேடியபோது பெருமையாகச் சொன்னேன். அண்ணல், மகத், மனு எல்லாம் சொன்னேன். அம்மா முழுசாகக் கேட்டது. கேட்டுவிட்டு, "அந்த வூட்ல முப்பது வருசமா சாணி வழிச்சது நானு. அதுக்குக் கூலியா ஒண்ணும் குடுக்கல. இதையாவது வாங்கியாந்தேன். வாங்குனது நானு, கட்டுனது நானு, குளுருச்சின்னா போத்திக்கினு படுத்தது நானு. அத எரிக்க நீ யாருடா?" என்றது. மூணு நாள் என்னோடு பேசவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் கறி எடுத்தார்கள், நான்தான் சாப்பிடவில்லை.

அந்தச் சம்பவத்தை ரொம்ப நாள் அம்மாவின் விழிப்புணர்வுக் குறைவு என்று நண்பர்களிடம் சொல்லிவந்தேன். இப்போது சொல்லக் கூசுகிறது. மகத்தில் அண்ணல் பேசியது வாங்குகிறவர்களிடம். வாங்காதே என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் கையிலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி அவர் பையன்களை அனுப்பவில்லை. ஆண்டை வீட்டம்மா எதைக் கொடுப்பது என்று தீர்மானித்தது, நான் அதை வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானித்தேன். ரெண்டு பேரும் அம்மாவிடம் கேட்கவில்லை. கூட்டத்தில் மூத்த தோழர் "நம்ம சனங்களைக் கையேந்த வைக்கலாமா" என்று கேட்டபோது எனக்கு அந்தப் பச்சைச் சேலை எரிகிற வாசம்தான் வந்தது.

ஆனால் அம்மா சொன்னதில் நான் அன்றைக்குக் கவனிக்காத ஒரு சொல் இருந்தது. கூலி. அம்மா அந்தச் சேலையை இரக்கம் என்று எடுத்துக்கொள்ளவே இல்லை, பாக்கிக் கூலியில் ஒரு துணுக்கு என்று எடுத்துக்கொண்டது. நாம் தர்மம், கருணை, ஈகை என்று பெரிய பெரிய சொல்லாகப் போட்டுப் பேசுகிற இடத்தில் அம்மா கணக்குப் பார்த்தது.

அந்தக் கணக்கைப் பார்த்தால் இன்னொரு டிசம்பர் 25க்குப் போகாமல் இருக்க முடியாது. 1968. கீழ்வெண்மணி. அன்றைக்குக் கீழத்தஞ்சையில் விவசாயக் கூலிகள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். அதற்குத்தான் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வழக்கில் கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. எல்லாருக்கும் தெரிந்த கதை, வருசா வருசம் போய் நினைவுத்தூணுக்கு முன்னால் நிற்கிறோம். நான் கேட்க நினைப்பது வேறு. இந்த நாட்டில் பண்டிகை நாளில் எத்தனை பண்ணை வீடுகளில் படி படியாக நெல் அளந்து போட்டிருப்பார்கள்! அரைப்படி என்ன, அஞ்சு படி கூடப் போட்டிருப்பார்கள். போட்டவரை மவராசன் என்று வாழ்த்தியிருப்போம். அதே அரைப்படியைக் குனியாமல் நின்று, சங்கமாக நின்று, கூலி என்று கேட்டால் நெருப்பு. நெல் ஒன்றுதான். அளவும் அதேதான். கேட்கிறவன் நிற்கிற நிலைதான் மாறியது. அப்படியானால் அந்தத் தர்ம நெல்லின் விலை என்ன என்று யோசிக்க வேண்டும். அதற்காக நாம் கொடுத்துக்கொண்டிருந்தது வளைந்த முதுகு.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத் துணைப்பாடத்தில் ஒரு கதை படித்திருப்பீர்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதை. ஸ்க்ரூஜ் என்கிற கஞ்சன் மனம் திருந்தி, தன்னிடம் வேலை பார்க்கிற ஏழைக் குமாஸ்தா வீட்டுக்குப் பெரிய வான்கோழி ஒன்றை, பேர் சொல்லாமல் அனுப்பி வைப்பான். ஆசிரியர் இந்த இடத்தில் நெகிழ்ந்துபோவார், நாங்களும் நெகிழ்ந்தோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் காலையில் அவன் அந்தக் குமாஸ்தாவின் சம்பளத்தைக் கூட்டுகிறான். வான்கோழியை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. சம்பளம் கூட்டினது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? எனக்கே ரெண்டாம் முறை படித்தபோதுதான் கண்ணில் பட்டது. மனம் திருந்துவது என்றால் என்ன என்பதை டிக்கன்ஸ் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். நமக்குத்தான் அன்பளிப்பு மட்டும் போதும் என்று ஆகிவிட்டது.

போதும் என்று அரசாங்கங்களுக்கும் ஆகிவிடுகிறது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். பதிமூணாம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அமைச்சரவை கூடி அவர்களுக்குச் சில நலத்திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று இலவசக் காலை உணவு. காலை உணவை நான் கேலி செய்யவில்லை, விடியற்காலையில் வெறும் வயிற்றோடு குப்பை அள்ளுகிறவர்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அவர்கள் கேட்டது இட்லி இல்லை.

ஆக, மூத்த தோழர் சொன்னதுதான் சரியா? கொடுப்பதை விட்டுவிட்டுக் கேட்பதை மட்டும் செய்வோமா?

இங்கே எனக்கு மணிமேகலை ஞாபகத்துக்கு வருகிறது. அதில் ஆபுத்திரன் கதை. தாய் போட்டுவிட்டுப் போன பிள்ளை. வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துவிட்டதற்காகப் பார்ப்பனர்களால் அடித்து விரட்டப்பட்டவன். மதுரையில் ஓடு ஏந்திப் பிச்சை எடுத்து, குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் எல்லாரையும் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதைத் தின்று, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்தவன். அவனுக்குத்தான் அமுதசுரபி கிடைக்கிறது. கொடுக்கிற பாத்திரமும் பிச்சைப் பாத்திரமும் அவன் கையில் ஒன்றாகவே இருந்தது. வாங்குகிறவன் கொடுத்த கொடை அது, முந்தானையில் விழுந்ததல்ல. இதுவரைக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த பகுதிதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. இந்திரன் வருகிறான், உன் தர்மத்துக்கு வரம் தருகிறேன் என்கிறான், ஆபுத்திரன் அவனை மதிக்கவில்லை. கோபத்தில் இந்திரன் பாண்டிய நாட்டில் மழையாகக் கொட்டிவிடுகிறான். ஊரெங்கும் விளைச்சல், எவனுக்கும் பசியில்லை, ஆபுத்திரனைத் தேடி வர ஆளில்லை. அவன் வாங்குவாரைத் தேடி அலைந்து, கப்பலேறி, மணிபல்லவத்தில் தனியாக மாட்டிக்கொண்டு, பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான்.

கொடுக்கிறவனுக்குத் தண்டனை ஊர் செழிப்பாக இருப்பது! இதைவிடக் கொடூரமான ஒரு கேள்வியைக் கொடுக்கிறவர்களைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. நாளைக்கு எல்லாச் சேரியும் நிமிர்ந்துவிட்டால், பாலத்துக்கடியில் ஒருத்தரும் இல்லாமல் போனால், டிசம்பர் 24 ராத்திரி போர்வைக் கட்டோடு நிற்கிற நமக்கு நிம்மதி வருமா, ஏமாற்றம் வருமா? நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். ஆபுத்திரனை நான் குறை சொல்லவில்லை, அவன் கொடுத்தது கொடுத்ததுதான், தின்றவன் பசி தீர்ந்ததுதான். ஆனால் கொடுக்கிறவனுக்கும் ஒரு பசி உண்டு என்று சாத்தனார் கண்டுபிடித்திருக்கிறார். அது தெரியாமல் கொடுக்கப் போகக் கூடாது.

எனக்கு அந்தப் பசி இருந்தது என்பது 2023 டிசம்பரில் தெரிந்தது. அந்த மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரையைத் தாண்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சிக்கி நின்றது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நாங்கள் ஒரு வேன் நிறைய அரிசி, போர்வை, பாய், மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆற்றோரத்து ஊர் ஒன்றின் காலனிக்குப் போய்ச் சேர்ந்தோம். சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. ஒரு வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பாட்டிக்குப் போர்வை கொடுத்தேன். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று கூட வந்த தம்பி செல்போனை எடுத்தான். பாட்டி போர்வையை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, "இந்தக் கோலத்துலயா படம் புடிக்கப் போறீய? செத்த நில்லுங்க, சீலைய மாத்திட்டு வாரேன்" என்று உள்ளே போனது. போன வேகத்தில் வெளியே வந்தது. "மாத்த ஏது சீல, எல்லாம் சகதியால்ல கெடக்கு" என்று தானே சொல்லிக்கொண்டு சிரித்தது. தலைமுடியை மட்டும் அள்ளிச் செருகிக்கொண்டு வந்து நின்றது. தம்பி செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டான். நான் சொல்லி அல்ல, அவனாகவே.

அத்தோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். பாட்டி எங்களை உட்காரச் சொன்னது. மூணு கல்லை வைத்து அடுப்புக் கூட்டியிருந்தது. எங்கேயோ மேலே ஏற்றி வைத்துக் காப்பாற்றின கருப்பட்டித் துண்டு ஒன்றைத் தட்டிப் போட்டுக் காப்பி வைத்தது. வரிசையில் இன்னும் முப்பது வீடு இருந்தது. அந்தம்மாவிடம் இருந்ததே அந்தக் கருப்பட்டிதான். நான் ரொம்பப் பண்பாக, "வேணாம் பாட்டி, உங்களுக்கு வச்சிக்கங்க" என்றேன். பாட்டியின் முகம் மாறியதை இப்போதும் பார்க்க முடிகிறது.

"ஏன்யா, எங்க வீட்டுல குடிக்க மாட்டியளோ?"

ஆயாவின் முந்தானையைப் பார்த்து வளர்ந்தவன் நான். மனு எரிந்த தேதியை மனப்பாடமாகச் சொல்கிறவன். அந்தப் பாட்டி கண்ணுக்கு ஆண்டை வீட்டு ஆளாகப் போய் நின்றேன். கெட்ட எண்ணத்தால் அல்ல, இரக்கத்தால். அந்தப் பண்பான வாக்கியத்தைத்தான் சொல்கிறேன், வேணாம் பாட்டி, உங்களுக்கு வச்சிக்கங்க. அதைச் சொன்ன நொடியில் நான் கொடுக்க மட்டும் வந்தவன், அவர் வாங்க மட்டும் பிறந்தவர் என்று ஆகிப்போனது. அவசர அவசரமாக, "நானும் நம்ம ஆளுதான் பாட்டி" என்றேன். "அப்பக் குடி" என்றது பாட்டி. குடித்தேன். கூட வந்தவர்களில் ஒரு பையன் நம் ஆள் இல்லை. அவன் எதுவும் சொல்லாமல் முதலிலேயே டம்ளரை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொல்வதற்கு என்ன இருந்தது? குடிப்பதைத் தவிர வேறு வழியில் அவனால் எதையும் நிரூபிக்க முடியாது. எனக்குச் சாதியைச் சொல்லித் தப்பிக்க ஒரு சந்து இருந்தது, அவ்வளவுதான்.

சின்ன வயசில் நல்ல சமாரியன் கதையைப் பூசையில் கேட்கும்போதெல்லாம் சாமியார் எங்களைப் பார்த்து, அடிபட்டு வழியில் கிடந்த மனுசன் நீங்கள்தான், உங்களைத் தூக்கிவிட ஆள் வரும் என்கிற மாதிரிதான் பேசுவார். அந்த வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கதையை எடுத்து மறுபடி படித்தேன். சமாரியன் யார்? யூதர்கள் தங்களோடு புழங்கவிடாமல் ஒதுக்கி வைத்த இனத்தான். அப்படியென்றால் சேரி அந்தக் கதையில் அடிபட்டவன் இடத்தில் இல்லை, சமாரியன் இடத்தில் இருக்கிறது. எண்ணெயும் திராட்சை ரசமும் நம் கையிலிருந்து போகிறது. கதையின் அதிர்ச்சி அவன் கொடுத்ததில் இல்லை. அடிபட்டுக் கிடந்த யூதன், தொடக் கூடாதவன் கையால் காயத்துக்கு மருந்து போடவிட்டானே, அதில் இருக்கிறது. 2004 சுனாமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் ஊதிக் கிடந்த பிணங்களை எடுத்துப் புதைக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் நம் துப்புரவுத் தொழிலாளர்கள். அதே நாட்களில் நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் எழுதி வைத்திருக்கின்றன. செத்த பிறகு நம் கை பட்டால் தீட்டில்லை, உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து தின்றால்தான் தீட்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்குப் படகு கொண்டுவந்தவர்கள் மீனவர்கள். குப்பை அள்ள வந்தவர்கள் மற்ற மாவட்டத்துத் தூய்மைப் பணியாளர்கள். இதையெல்லாம் யாரும் ஏழைகளின் கிறிஸ்துமஸ் கொடை என்று சொல்வதில்லை. நாம் கொடுப்பதற்கு வேலை என்று பேர், அவர்கள் கொடுப்பதற்குத்தான் தர்மம் என்று பேர்.

"கோதுமைக்கு மதம் மாறினவங்கதானே" என்று எங்களைக் கேட்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பால்பவுடர் கிறிஸ்தவன் என்றும் சொல்வார்கள். முன்பு எனக்குக் கோபம் வரும், வாதாடுவேன், 1950ஆம் வருசத்து ஆணையால் கிறிஸ்தவத் தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமையே கிடையாது, மாறினதால் நஷ்டம்தான் என்று புள்ளிவிவரமாகப் பேசுவேன். ஆயாவிடம் ஒரு தடவை இதைக் கேட்டபோது அது வேறு மாதிரி சொன்னது. "கோதுமையும் குடுத்தாங்கதான். ஆனா எங்க நைனா காலத்துச் சாமியாரு நம்ம வூட்ல ஒக்காந்து கூழு குடிச்சாராம்டா." அந்தச் சாமியாரின் கோயிலிலேயே பிறகு எங்களுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள் என்பதும் ஆயாவுக்குத் தெரியும். கல்லறைக்குப் போனாலும் ஒதுக்கம்தான் என்பதும் தெரியும். அதற்காகக் கூழ் குடித்ததை அது மறக்கவில்லை.

கூட்டத்துக்குத் திரும்புகிறேன். கருப்பட்டிக் காப்பிக் கதையை நான் அங்கே சொன்னேன், பச்சைச் சேலைக் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் முடிவெடுத்தது அந்த முதலாண்டுப் பெண்தான். பாதி நேரம் அவளுடைய வகுப்புத் தோழிகளோடு குடியிருப்புக்குப் போய் அங்கிருக்கிற பெண்களிடமே கேட்டுவிட்டு வந்தாள். சாப்பாட்டுப் பொட்டலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அரிசியும் கறியும் வாங்கி வாருங்கள், நாங்கள் சமைக்கிறோம், எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடலாம், பாலத்துக்கடியில் இருக்கிறவர்களையும் கூட்டி வாருங்கள் என்றார்களாம். பேனர் கிடையாது, படம் கிடையாது. போர்வை வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டும், நல்ல கனமானதாக வேண்டும், மெலிசு போன வருசம் யாரோ கொடுத்தார்கள், ஒரு துவையலுக்கு நிற்கவில்லை என்று கறாராகச் சொல்லியிருக்கிறார்கள். மூத்த தோழர் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவர்களுக்கு மூணு மாசமாகப் பிடித்துக்கொண்டிருக்கிற வருங்கால வைப்புநிதிப் பணம் கணக்கில் ஏறவில்லையே, அதற்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்க அன்று ராத்திரியே வருகிறேன், கறி வேகிற நேரத்தில் எழுதிவிடலாம் என்றார். எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மாவுக்கு இப்போது முட்டிவலி, ஆண்டை வீட்டு வேலைக்குப் போவதில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"போர்வ புதுசுதான?"